வெளிநாட்டு வேலை: விசா முதல் நல வாரியம் வரை – நல்லம்பள்ளியிலிருந்து கிளம்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நல்லம்பள்ளிப் பக்கம் வெளியூர் வேலை என்றாலே ஓசூர், பெங்களூரு, திருப்பூர்தான். அதற்கும் அடுத்த கட்டமாக துபாய், சவுதி, சிங்கப்பூர், மலேசியா என்று யோசிப்பவர்களும் உண்டு. கொத்து வேலை, கம்பி கட்டுதல், வெல்டிங், ஏசி மெக்கானிக், டிரைவர் என்று கையில் ஒரு தொழில் இருந்தால் யோசிப்பதில் தப்பே இல்லை.

ஆனால் ஒன்று. பட்டா, சிட்டா, வில்லங்கம் பார்க்காமல் நாம் கால் ஏக்கர்கூட வாங்குவதில்லை. வெளிநாட்டு வேலைக் காகிதங்களையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். சம்பளப் பாதுகாப்பு, விபத்து இழப்பீடு, காப்பீடு, நல வாரிய உதவி எல்லாமே, நாம் எந்த நிலையில் அந்த நாட்டுக்குள் போனோம், அங்கே வேலை செய்ய நமக்கு அனுமதி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைப் பொறுத்துத்தான் கிடைக்கின்றன. உழைப்பு ஒன்றுதான், பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கு ஒரு கணக்கு, இல்லாதவருக்கு வேறு கணக்கு.

விமானம் ஏறுவதற்கு முன்பே அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதிலை நம் கையாலேயே சரிபார்த்துவிட முடியும். எங்கே தொடங்குவது, எதற்குப் பிறகு எது, எவ்வளவு ஆகும் என்று படிப்படியாகப் போவோம்.

என்னென்ன சரிபார்க்கப் போகிறோம்?

மூன்று விஷயங்கள்.

முதலாவது, குடியேற்ற நிலை. நாம் போவது வேலை விசாவிலா, சுற்றுலா விசாவிலா, விசிட் விசாவிலா? விமான நிலையத்தில் மூன்றுக்கும் முத்திரை விழும். வேலை செய்ய உரிமை தருவது முதல் வகை மட்டும்தான்.

இரண்டாவது, வேலை அனுமதி. எந்த முதலாளியிடம், என்ன வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பது அதில் இருக்கும். விசாவும் வேலை அனுமதியும் பல நாடுகளில் தனித்தனிக் காகிதங்கள். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது, பதிவு. இந்திய அரசின் குடிபெயர்வுப் பதிவு, காப்பீடு, தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நல வாரிய உறுப்பினர் அட்டை. முதல் இரண்டும் சரியாக இருந்தால்தான் இந்த மூன்றாவதுக்குப் பலன்.

படி 1: பாஸ்போர்ட்டைத் திறந்து பார்ப்போம்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்து, பக்கத்தில் எந்த அஞ்சலகத்தில் பாஸ்போர்ட் மையம் இருக்கிறதோ அங்கே நாள் குறித்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கான 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் ரூ.1,500. தட்கல் என்றால் கூடுதலாக ரூ.2,000. அவசரம் இல்லாவிட்டால் சாதாரண வழியே போதும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்கிறோம். அதனால் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட், சுற்றுலா விசா தருவதை நிறுத்தியபோது, நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இது தலைவலி ஆனது. புதிதாக எடுப்பவர்கள் அப்பா பெயரை முழுதாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், மதிப்பெண் சான்றிதழில் இன்னொன்று, பாஸ்போர்ட்டில் வேறொன்று என்றிருந்தால் இப்போதே சரிசெய்துகொள்வோம். பின்னால் காப்பீட்டுப் பணம் கேட்கும்போது ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அலைச்சல்தான்.

இரண்டு, ஈ.சி.ஆர். முத்திரை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக, குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும். அந்த வரி இருந்தால், சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் முன் அனுமதி கட்டாயம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். படிப்புக் குறைந்தவர்களை ஏமாற்றுவது எளிது என்பதால் வைத்திருக்கும் கூடுதல் காவல்தான் அது. பத்தாவது தேறியும் அந்த வரி விழுந்திருந்தால், மதிப்பெண் சான்றிதழைக் கொடுத்து பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளலாம்.

படி 2: ஏஜென்ட் யார் என்று பார்ப்போம்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய வெளியுறவுத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. பெயர், முகவரி, உரிமம் இன்னும் செல்லுமா, முடக்கப்பட்டிருக்கிறதா எல்லாம் தெரியும். பதிவு இல்லாமல் ஆள் அனுப்புவதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் தனியாக உண்டு. செல்போனிலேயே பார்க்கலாம், கைவராவிட்டால் இ-சேவை மையத்தில் காட்டச் சொல்லலாம்.

ஊருக்குள் வந்து பேசுகிறவர் பெரும்பாலும் ஏஜென்ட்டாக இருக்க மாட்டார், சப்-ஏஜென்ட்டாக இருப்பார். தெரிந்தவராக, தூரத்துச் சொந்தமாகக்கூட இருக்கலாம். சட்டம் சப்-ஏஜென்ட் என்று யாரையும் ஏற்கவில்லை. "அண்ணா, எந்த ஆபீஸ் மூலமா அனுப்புறீங்க, லைசென்ஸ் நம்பர் என்ன?" என்று மரியாதையாகவே கேட்போம். நல்லவருக்கு அந்தக் கேள்வி உறுத்தாது.

தனியாரை நம்பத் தயக்கமாக இருந்தால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. தன் விவரங்களை அங்கே பதிந்துவைத்து, அறிவிப்புகளைக் கவனித்து வரலாம். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும். இதுபோன்ற அரசு நிறுவனங்கள் வழியாகப் போவதே விதி.

படி 3: விசாக் காகிதத்தை வரி வரியாக வாசிப்போம்

வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான ஒரு படத்தை விசா என்று நம்பிவிடக் கூடாது. தெளிவான பி.டி.எஃப். கேட்டு வாங்குவோம். அதில் நான்கு விவரங்களை விரல் வைத்துப் பார்க்க வேண்டும்: பாஸ்போர்ட் எண், விசா வகை, முதலாளி அல்லது கம்பெனியின் பெயர், வேலையின் பெயர். இந்த நான்கும் வேலை ஒப்பந்தத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு, விசா கொடுத்த நாட்டின் அரசு இணையதளத்திலேயே எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏஜென்ட் அனுப்பும் லிங்க் வேண்டாம். முகவரியை நாமே தட்டச்சு செய்வோம்.

நாட்டுக்கு நாடு கவனிக்க வேண்டியது மாறும்.

அமீரகம்: விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். "போய் இறங்குங்க, அங்கே மாத்திக்கலாம்" என்பதுதான் அதிகம் கேட்கும் வசனம். அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் வேலை அனுமதியும், நாம் கையெழுத்திட்ட வேலைக் கடிதமும் முதலில் கைக்கு வரட்டும்.

சவுதி, குவைத்: வேலைப் பெயரைப் பாருங்கள். விசாவில் வீட்டு டிரைவர் என்றிருந்து, போகிற வேலை கட்டடத்தில் என்றால் அனுமதி இல்லாத வேலை என்றுதான் கணக்கு. குவைத்தில் கம்பெனி வேலைக்கு 18-ஆம் எண் விசா, வீட்டு வேலைக்கு 20-ஆம் எண். இரண்டுக்கும் சட்டப் பாதுகாப்பு வேறு வேறு.

கத்தார்: இங்கே ஒரு வசதி. சென்னையிலேயே கத்தார் விசா மையம் இருக்கிறது. மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் கிளம்பும் முன் அங்கேயே முடிந்துவிடும். ஏஜென்ட் சொன்ன சம்பளமும் திரையில் வரும் சம்பளமும் ஒன்றா என்று அந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். வேறாக இருந்தால் கையெழுத்துப் போடாமல் திரும்பி வரலாம்.

சிங்கப்பூர்: ஐ.பி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் முதல்கட்ட ஒப்புதல் கடிதம்தான் இங்கே அடிப்படை. வொர்க் பர்மிட் தொழிலாளருக்கு இது அவரவர் தாய்மொழியிலும் தரப்பட வேண்டும். தமிழில் கேட்டு வாங்குங்கள். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியை நம் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

மலேசியா: 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே சுற்றிப் பார்க்கப் போகலாம். இந்தச் சலுகையைக் காட்டித்தான் இப்போது ஆள் பிடிக்கிறார்கள். விசா இல்லாமல் உள்ளே போகலாம் என்பதற்கும் வேலை செய்யலாம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. தற்காலிக வேலைக்கான பாஸ் தனி. அதற்கான ஒப்புதல் இங்கிருந்து கிளம்பும் முன்பே வந்திருக்க வேண்டும்.

படி 4: ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளத்தைத் தேடுவோம்

"மாசம் 1,800 திர்ஹாம்" என்று சொன்னால் நாம் உடனே ரூபாயாக மாற்றிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். அதில் அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். காரணம், பிற்காலப் பலன்கள் எல்லாம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமீரகத்தில் அடிப்படை 1,000 திர்ஹாம், சாப்பாடு, ஓவர்டைம் சேர்த்து 1,800 என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். ஒரு நாளுக்கு 33 திர்ஹாம் சொச்சம், ஆண்டுக்கு 700. இரண்டு ஆண்டு முடித்துத் திரும்பினால் 1,400 திர்ஹாம். அடிப்படையே 1,800 ஆக இருந்தால் இதே கணக்கு 2,520 ஆகியிருக்கும். கையில் வாங்கும் மாதச் சம்பளம் இரண்டிலும் ஒன்றுதான்.

ஆகவே அடிப்படை, சாப்பாடு, தங்குமிடம், ஓவர்டைம், விடுமுறை, திரும்பி வரும் டிக்கெட் ஆகிய ஆறும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து.

படி 5: குடிபெயர்வு அனுமதியும் காப்பீடும்

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்களுக்கு இது கட்டாயப் படி. ஏஜென்ட்டோ முதலாளியோ ஒப்பந்தத்தை இ-மைக்ரேட்டில் ஏற்றி விண்ணப்பிப்பார்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பார்த்து அனுமதி தரும். அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வோம். அது இல்லாமல் விமான நிலையம் போனால் குடிநுழைவு அதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார்.

இதோடு சேர்ந்ததுதான் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு. 2003-ல் தொடங்கிய திட்டம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ ரூ.10 லட்சம். பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு ரூ.275, மூன்று ஆண்டுக்கு ரூ.375, வரி தனி. இத்தனை குறைந்த விலையில் இவ்வளவு பெரிய காப்பீடு வேறெங்கும் கிடைப்பது அரிது. பாலிசியில் வாரிசு பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோம். இப்படி ஒரு பாலிசி இருப்பதே வீட்டில் தெரியாவிட்டால் பணத்தைக் கேட்க ஆள் இருக்காது.

கிளம்பும் முன் ஒரு நாள் பயிற்சியும் உண்டு. போகும் நாட்டின் சட்டம், செய்யக்கூடாதவை, உதவி எண்கள் எல்லாம் சொல்லித் தருவார்கள். இலவசம். தவற விடாதீர்கள்.

படி 6: அயலகத் தமிழர் நல வாரியம்

தமிழ்நாடு அரசு 2011-ல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் அமைந்த வாரியம் இது. ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடும் அரசுத் துறையின் கீழ்தான் வருகிறது. உறுப்பினராகப் பதிய ஒருமுறைக் கட்டணம் ரூ.200. அதோடு ஆண்டுக்கு ரூ.395 கட்டினால் ரூ.5 லட்சத்துக்கான விபத்துக் காப்பீட்டில் சேரலாம். 18 முதல் 55 வயது வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். பதிவு முழுக்க இணையவழி.

விண்ணப்பத்தில் பாஸ்போர்ட், செல்லும் நிலையில் உள்ள வேலை விசா, வாரிசு விவரம், புகைப்படம் கேட்பார்கள். நாம் இதுவரை சரிபார்த்த காகிதங்கள்தான் இங்கே மறுபடி வேலைக்கு வருகின்றன. விசிட் விசாவைக் காட்டி இதில் வேலைக்காரராகப் பதிய முடியாது.

பத்தாவது தேறியவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். வரி இருக்காது என்பதால் ஐந்தாம் படியில் சொன்ன காப்பீடு அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததாலேயே பலர் எந்தக் காப்பீடும் இல்லாமல் போய்விடுகிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த வாரிய அட்டை ரொம்பத் தேவை.

இன்னொரு செய்தி. பெங்களூரு மாதிரி வெளிமாநில ஊர்களில் வாழும் தமிழர்களும் இந்த வாரியத்தில் உறுப்பினராகலாம். அவர்களுக்கு விசா எதுவும் தேவையில்லை. அந்த மாநிலத்தில் வசிப்பதற்கான ஆதாரம் இருந்தால் போதும். நம் தாலுகாவிலிருந்து போயிருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

படி 7: போய் இறங்கிய முதல் மாதம்

விசா நம்மை நாட்டுக்குள் விடும். வேலை செய்யும் உரிமை, அங்கே கொடுக்கும் அட்டையோடுதான் முழுமையாகிறது. அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி, சவுதியில் இக்காமா, சிங்கப்பூரில் வொர்க் பர்மிட் அட்டை. நம் ஆட்கள் பத்தாக்கா என்று சொல்வதும் இந்த அட்டையைத்தான். அது எப்போது வரும் என்று முதல் வாரமே கேட்டுவைப்போம். அட்டை வந்ததும் முடிவுத் தேதியைப் போனில் குறித்துக்கொள்வோம்.

சிங்கப்பூரில் எஸ்.ஜி. வொர்க் பாஸ் என்ற அரசுச் செயலியில் அட்டையை ஸ்கேன் செய்தால் பர்மிட் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று அந்த நிமிடமே தெரியும். சவுதியில் கிவா என்ற அரசுத் தளத்தில் நம் ஒப்பந்தத்தை நாமே பார்க்கலாம். மாதம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறதா என்பதும் முக்கியம். அமீரகத்தில் 2009 முதல் சம்பளப் பாதுகாப்பு முறை இருக்கிறது. கம்பெனி யாருக்கு எப்போது கொடுத்தது என்பது அரசின் கணக்கில் ஏறும். கையில் ரொக்கமாக வாங்கினால் பிறகு வழக்குக்கு ஆதாரம் இருக்காது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைப்பது அங்கே சட்டப்படி கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

சரியான காகிதம் இருந்தால் என்ன கிடைக்கும்?

அமீரகத்தில் வேலையிழப்புக் காப்பீடு 2023 ஜனவரியில் தொடங்கியது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாம் வரை உள்ளவர்கள் மாதம் 5 திர்ஹாம் கட்ட வேண்டும். அதோடு சிறு வரி. தொடர்ந்து 12 மாதம் கட்டியவர், தன் தப்பு இல்லாமல் வேலை போனால், அடிப்படையில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை பெறலாம். நம் கணக்கில் வரும் 1,000 திர்ஹாம்காரருக்கு மாதம் 600 வீதம் 1,800. வேலை போன 30 நாளுக்குள் கேட்க வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கும், ஓடிப்போனதாகப் புகார் பதிவானவருக்கும் கிடையாது. இதில் சேராவிட்டால் 400 திர்ஹாம் அபராதமும் உண்டு.

சிங்கப்பூரில் வேலை விபத்து இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல், வொர்க் பர்மிட் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை.

மலேசியாவில் 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலை விபத்துத் திட்டத்தில் வருகிறார்கள். 2025 அக்டோபர் முதல் அவர்களுக்கும் சேமநிதி கட்டாயம்: தொழிலாளி 2 சதவீதம், முதலாளி 2 சதவீதம்.

இத்தனையும் பதிவேட்டில் இருப்பவர்களுக்கு. வளைகுடாவில் காகிதம் இல்லாமல் இருப்பவரை நம் ஆட்கள் கல்லிவல்லி என்பார்கள். அவருக்கு இரண்டு நாள் கூலி கூடுதலாகக் கிடைக்கலாம். சாரத்திலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவே பயப்படுவார்கள்.

எவ்வளவு ஆகும்?

நேர்வழியில் போனால் செலவு இவ்வளவுதான்:

பாஸ்போர்ட்: ரூ.1,500.
போலீஸ் நன்னடத்தைச் சான்று, கேட்கும் நாடுகளுக்கு மட்டும்: ரூ.500.
ஏஜென்ட் சேவைக் கட்டணம்: அதிகபட்சம் ரூ.30,000, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.35,400.
பிரவாசி காப்பீடு: ரூ.275 அல்லது ரூ.375, வரி தனி.
நல வாரியம்: ரூ.200, விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு ரூ.395.

மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு, சென்னைக்குப் போய்வரும் செலவு ஆகியவை ஆளுக்கு ஆள் மாறும். இவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் லட்சக்கணக்கில் வராது.

சேவைக் கட்டணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குவோம். விசாச் செலவு, பர்மிட் செலவு என்று தனியாகக் கேட்டால் நிதானிப்போம். சவுதிச் சட்டப்படி ஆளெடுப்புச் செலவு, இக்காமா, வேலை அனுமதி, அவற்றின் புதுப்பிப்பு எல்லாம் முதலாளியின் பொறுப்பு. அமீரகச் சட்டமும் ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது. நிலத்தையோ நகையையோ அடகு வைத்து இரண்டு லட்சம், மூன்று லட்சம் கொடுத்தால்தான் வேலை என்றால், அந்த வேலையைவிட இங்கே இருக்கும் வேலை மேல்.

உஷார்!

ஃப்ரீ விசா என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. ஒரு கஃபீல், அதாவது அந்த ஊர் ஸ்பான்சர், பெயரில் விசா எடுத்து, வெளியே எங்கு வேண்டுமானாலும் வேலை செய்துகொள்ளலாம் என்று விற்பார்கள். பிடிபட்டால் அபராதமும் சிறையும் நமக்கு. விற்றவருக்கு ஒன்றும் ஆகாது.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கை நிறையச் சம்பளம், விசா தேவையில்லை என்று வந்தால் அந்த எண்ணையே பிளாக் செய்யுங்கள். இப்படிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தி இணைய மோசடி வேலையில் அடைத்துவைத்தது பலமுறை செய்தியானது. தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

ஒப்பந்தம் இரண்டு பிரதியாக வந்து இரண்டிலும் சம்பளம் வேறாக இருந்தால், அரசுத் தளத்தில் ஏறியிருப்பதுதான் செல்லும். மற்றது வெறும் காகிதம்.

அசல் சான்றிதழ்களை ஏஜென்ட்டிடம் விட்டுவைக்காதீர்கள். நகல் கொடுத்து, அசலைக் காட்டி, கையோடு வாங்கி வந்துவிடுங்கள். விசா முடியும் தேதியைத் தாண்டித் தங்காதீர்கள். ஒரு நாள் தாண்டினாலும் நம் நிலை மாறிவிடும். பலன்களும் அதோடு தொங்கலில் நிற்கும்.

சிக்கல் வந்தால் யாரிடம் போவது?

இங்கிருந்தே கேட்க: வெளியுறவுத் துறையின் பிரவாசி பாரதிய உதவி மையம், 1800 11 3090. தமிழ்நாட்டு அயலகத் தமிழர் உதவி எண் 1800 309 3793. ஏஜென்ட் ஏமாற்றினால் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் புகார் தரலாம். அதன் நகலைக் குடிபெயர்வோர் பாதுகாவலருக்கும் அனுப்பலாம். தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் குடும்பத்தினர் மனு கொடுக்கலாம்.

அங்கே இருந்தால்: இந்தியத் தூதரகம். துபாய், ரியாத், ஜித்தா, கோலாலம்பூரில் தொழிலாளருக்கென உதவி மையங்கள் இருக்கின்றன. மதத் என்ற அரசு இணையதளத்திலும் புகார் பதியலாம். டிக்கெட்டுக்குப் பணம் இல்லாமல் மாட்டிக்கொண்டவருக்கு, 2009-ல் ஏற்படுத்திய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தூதரகம் உதவ முடியும்.

ஏற்கெனவே காகிதம் இல்லாமல் அங்கே இருப்பவர் நமக்குத் தெரிந்தவராக இருந்தால், பொதுமன்னிப்பு அறிவிப்புகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். அமீரகம் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அப்படி ஒரு வாய்ப்புத் தந்தது. அபராதம் இல்லாமல் ஊர் திரும்பவோ நிலையைச் சரிசெய்துகொள்ளவோ அதில் வழி இருந்தது.

வரிசையாக ஒரு தடவை

பாஸ்போர்ட்டில் பெயரும் ஈ.சி.ஆர். வரியும் பார்த்தாயிற்று. ஏஜென்ட்டின் உரிமம் இ-மைக்ரேட்டில் பார்த்தாயிற்று. விசாவை அந்த நாட்டுத் தளத்திலேயே பார்த்தாயிற்று. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் பார்த்துக் கையெழுத்து. அதன் பிறகு குடிபெயர்வு அனுமதி, காப்பீடு, ஒரு நாள் பயிற்சி. பிறகு நல வாரியம். கடைசியில்தான் டிக்கெட். ஏஜென்ட்டுகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, டிக்கெட்டை முதலில் காட்டித்தான் அவசரப்படுத்துவார்கள். அவசரப்பட வேண்டாம்.

எல்லாக் காகிதங்களையும் இரண்டு செட் நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் வைப்போம். போனிலும் ஏற்றிவைப்போம். வீட்டில் ஒருவருக்காவது, மனைவியோ தம்பியோ, எந்தக் காகிதம் எதற்கு என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுப்போம்.

இரண்டு ஆண்டு முடிந்து விடுமுறையில் வரும்போது பிரவாசி காப்பீட்டைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். முதல் முறை ஒவ்வொரு படிக்கும் மலைப்பாக இருக்கும். இரண்டாம் முறை நீங்களே பக்கத்து வீட்டுப் பையனுக்கு விசாவைப் படித்துக் காட்டுவீர்கள்.